தொட்டில் கெர்ஷா

ஏமோஸ் கெர்ஷா என்ற பெயரைச் சொன்னால் வட இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் பர்ன்லி ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தொட்டில் கெர்ஷா என்றால்தான் தெரியும். அப்படிச் சொல்லும்போதே ஆண்கள் இரண்டு கைகளையும் சேர்த்து, குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் ஆட்டிக் காட்டுவார்கள். அவன் பில்லியர்ட்ஸ் கோப்பை வென்ற ஆண்டிலிருந்து சாகும்வரை அந்தக் கையாட்டல் அவனை விடவில்லை. கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த முடிதிருத்தும் கடைக்குள் மட்டும் யாரையும் அப்படிச் செய்ய நான் விட்டதில்லை. ஏமோஸும் சரி, அவன் எதிரே ஆடிய ஜேபெஸ் டக்வொர்த்தும் சரி, என் நாற்காலியில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டவர்கள். இரண்டு பேர் வாயாலும் கேட்டவன் என்பதால் சொல்கிறேன்.

ஏமோஸ் தறிக்கூடத்துப் பிள்ளை. அவன் வீட்டில் எல்லோருக்கும் பருத்தி ஆலையில்தான் வேலை. மேசைமேல் கோலால் பந்தடிக்கும் பில்லியர்ட்ஸ் பழகியது ஒரு மதுக்கடையின் பின்னறையில். இருபதைத் தாண்டுவதற்குள் சுற்றுவட்டாரத்தில் அவனை ஜெயிக்க ஆளில்லை. ஆலையை விட்டுவிட்டு ஆட்டத்தையே பிழைப்பாக வைத்துக்கொண்டான். அவன் மனைவி செலினா தறியை விடவில்லை. "வீட்டுல ஒருத்தர் அந்த மேசைப் பச்சைத் துணியப் பாத்துக்கிட்டு நிக்கலாம், ரெண்டு பேரும் நிக்க முடியாதுல்ல" என்பாள்.

அவன் ஆட்டத்தில் ஒரு குறை உண்டு, அது ஊருக்கே தெரியும். யாரும் பார்க்காதபோது அவனைப்போல் ஆட ஆள் கிடையாது. ஆனால் ஆட்டம் நெருங்கி வந்து, கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டதென்றால் அவன் கை தடுமாற ஆரம்பித்துவிடும். வடக்கு மாவட்டத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டியில் வருஷா வருஷம் இறுதி ஆட்டம்வரை வருவான், கடைசி நாளான சனிக்கிழமை தோற்பான். "நல்ல ஆட்டக்காரன்தான், சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்" என்று என் கடையிலேயே சொல்லிச் சிரிப்பார்கள்.

ஜேபெஸ் அவனைவிடப் பத்து வயது மூத்தவர். பெரிய உடம்பு, சிவந்த முகம், தேவாலயப் பாடகர் குழுவில் கனத்த குரல்காரர். மேசையின் ஒரு கோடியில் நின்றுகொண்டு மறுகோடிக் குழியில் பந்தைப் போடுவார். அடிப்பதற்கு முன் முன்வரிசையில் இருக்கும் யாரிடமாவது, "உன் பொண்டாட்டிக்குக் காய்ச்சல் விட்டுதா?" என்று விசாரிப்பார். பதில் வருவதற்குள் பந்து குழிக்குள் இருக்கும். ஜனங்கள் அவருக்காகத்தான் வருவார்கள். அவர் தோற்றாலும் காசு வீண் என்று யாரும் சொன்னதில்லை.

இருவரும் நல்ல சிநேகிதர்கள். போட்டிகளுக்கு ஒரே ரயிலில், ஒரே மூன்றாம் வகுப்புப் பெட்டியில் போவார்கள். செலினா கட்டிக்கொடுக்கும் உருளைக்கிழங்குப் பணியாரத்தைப் பாதிப் பாதி தின்பார்கள். ஜேபெஸின் மனைவி முன்பே இறந்துவிட்டாள். ஒரே மகள் லெட்டி, ஹாரோகேட்டில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலைக்கு இருந்தாள்.

ஓர் ஆண்டு தெற்கே இருந்து ஒரு புது வித்தையைப் பற்றிய பேச்சு வந்தது. இந்த ஆட்டத்தில் மூன்று பந்து: இரண்டு வெள்ளை, ஒன்று சிவப்பு. தன் வெள்ளைப் பந்தால் மற்ற இரண்டையும் தொட்டுவிட்டால் புள்ளி கிடைக்கும், ஆட்டமும் தன் கையிலேயே இருக்கும். தப்பினால்தான் எதிராளி எழுந்து வரலாம். யாரோ ஒருவர் கண்டுபிடித்திருந்தார்: மற்ற இரண்டு பந்துகளையும் மூலைக் குழியின் இரண்டு உதடுகளிலும் ஒட்டினாற்போல் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், தன் பந்தால் அவற்றை மெல்ல, மிக மெல்லத் தொட்டுக்கொண்டே இருக்கலாம். அவை அசைந்து அசைந்து அதே இடத்தில் வந்து நிற்கும். தொட்டில் ஆடுவதுபோல. கை அலுக்கும்வரை புள்ளி விழுந்துகொண்டே இருக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஏமோஸ் அதைத்தான் பழகினான். கதவைச் சாத்திக்கொண்டு பழகினான். கதவுக்கு வெளியே வந்து நின்றால் டிக் டிக் என்று கடிகாரம்போல் ஒரு சத்தம் மட்டும் கேட்கும் என்று செலினா பிற்பாடு சொன்னாள். அதில் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

மார்ச் மாதம். கூட்டுறவுச் சங்கத்து மாடி மண்டபத்தில் இறுதி ஆட்டம். ஏமோஸுக்கு எதிரே ஜேபெஸ். திங்கள் முதல் சனிவரை, மத்தியானம் ஒரு அமர்வு, சாயங்காலம் ஒரு அமர்வு. இத்தனை புள்ளி என்று வரம்பு கிடையாது. சனிக்கிழமை ஆட்டம் முடியும்போது முன்னால் நிற்பவருக்குக் கோப்பை.

இது தன் கடைசிப் போட்டி என்று ஜேபெஸ் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும். என் கடையில் செய்தித்தாளை முதலில் கையெட்டும் தூரத்தில் பிடித்தார், பிறகு ஜன்னலோரமாக எடுத்துக்கொண்டு போனார், அப்புறம் எடுப்பதையே விட்டுவிட்டார். ஒருநாள் நான் கேட்டதற்கு, "விளக்கைச் சுத்தி ஒரு பனி மாதிரி இருக்குப்பா. இந்த வருஷம் ஓட்டிடுவேன். லெட்டி வரா, லீவு சொல்லிட்டு. நான் ஆடி அவ பாத்ததே இல்ல. மதுக்கடைப் பின்னறைக்கெல்லாம் பொண்ணக் கூட்டிட்டுப் போக முடியுமா? இந்த மண்டபம்னா வந்து உக்காரலாம்" என்றார்.

திங்கட்கிழமை மத்தியானம் முதல் ஆட்டம் ஜேபெஸுக்கு அமைந்தது. நான் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தேன். அன்று அவர் ஆடியதுபோல் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கண் எதற்கு என்பதுபோல் ஆடினார். பந்து மூன்றும் அவர் கூப்பிட்ட இடத்துக்கு வந்தன. ஒரு மணி நேரத்துக்கும் மேல் மேசையை விட்டு விலகவில்லை. கடைசியில் மயிரிழையில் ஒன்று தப்பியது. சிரித்துக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஏமோஸ் எழுந்தான். சுற்றி வளைத்து, பொறுமையாக, பந்துகளை அந்த மூலைக்குக் கொண்டுபோனான். அன்று சாயங்கால அமர்வு தொடங்கும்போது தொட்டில் கட்டியாகிவிட்டது.

லெட்டியின் ரயில் செவ்வாய் காலையில் வந்தது.

செவ்வாய் மத்தியானம் மண்டபம் நிரம்பித்தான் இருந்தது. புது வித்தையைப் பார்க்க வந்த கூட்டம். டிக், டிக். நடுவர் வால்ம்ஸ்லி ஒவ்வொரு அடிக்கும் எண்ணிக்கையைச் சொன்னார். முதல் அரை மணி நேரம் ஜனங்கள் மேசையைப் பார்த்தார்கள், அடுத்த அரை மணி நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜேபெஸ் நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தார். "ஏமோஸ், நான் போய் ரெண்டு பாத்தி உருளைக்கிழங்கு நட்டுட்டு வரட்டுமா? அது விளைஞ்சதும் பறிச்சுக்கிட்டே வந்துடறேன்."

மண்டபமே சிரித்தது. ஏமோஸும் சிரித்தான். கோலை மட்டும் அந்த மூலையிலிருந்து எடுக்கவில்லை.

"எங்கப்பா இப்படித்தான் எப்பவும் உக்காந்திருப்பாரா?" என்று லெட்டி பக்கத்தில் இருந்த என்னிடம் கேட்டாள். நல்ல தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"இல்லம்மா. கொஞ்சம் பொறு. அவர் முறை வரும்" என்றேன்.

புதன்கிழமை சாயங்காலம் நாற்காலிகள் பாதி காலி. நடுவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெந்நீரில் தேன் கலந்து வைத்துக்கொண்டு மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே எண்ணினார். பின்வரிசையில் ஒருவன் வாய்விட்டுத் தாலாட்டு பாடினான். அவனை வெளியே அனுப்பினார்கள். அவனோடு சேர்ந்து ஒரு வரிசையே எழுந்து போனது. விதியில் இதற்குத் தடை இருக்கிறதா என்று யாரோ வால்ம்ஸ்லியிடம் கேட்டதற்கு, "தடை இருந்தா நான் ஏன்யா இப்படி நாய் மாதிரி குரைக்கறேன்?" என்றார் இல்லாத குரலில்.

ஏமோஸ் அதற்குள் எட்டிப் பிடிக்க முடியாத தூரம் போயிருந்தான். ஜேபெஸ் மிச்ச நாள் முழுவதும் ஆடினாலும் பக்கத்தில்கூட வரமுடியாது. அன்றே அவன் தொட்டிலைக் கலைத்துவிட்டுச் சாதாரணமாக ஆடியிருக்கலாம். கோப்பை எங்கும் போயிருக்காது.

வியாழக்கிழமை காலை ஜேபெஸ் மழிக்க வந்தார். கன்னம் தளர்ந்திருந்தது. சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே சொன்னேன்: "ஒரு வார்த்தை அவன்கிட்ட சொல்லுங்களேன், ஜேபெஸ். உங்க மேல உசிரா இருக்கறவன். கேக்காம போயிடுவானா?"

"என்னன்னு சொல்றது?"

"லெட்டிக்காக ஒரு மத்தியானம் விட்டுக் குடுன்னு."

அவர் கண்ணாடியில் என்னைத் தேடினார். சரியாகத் தெரிந்திருக்காது. "நான் ஆட்டக்காரம்ப்பா. இன்னொரு ஆட்டக்காரன்கிட்டப் போய், என்னயும் கொஞ்சம் ஆட விடுன்னு கேக்கச் சொல்றியா? சின்னப் பசங்க கோலிக்குண்டு ஆடறமா?"

பிறகு நான் கத்தியைத் தீட்டி முடித்ததும், "அவனுக்கே தோணும். தோணாம இருக்காது" என்றார்.

வெள்ளிக்கிழமை ஏமோஸ் வந்தான். அவனுக்கும் தூக்கமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சும்மா சொல்வதுபோல், "லெட்டி நாளைக்கு மத்தியான ரயிலுக்குக் கிளம்பறாளாம். சாயங்காலம் அந்த வீட்டுல விருந்தாம், அதுக்குள்ள போய்ச் சேரணுமாம்" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமாடா?"

கண்ணை மூடிக்கொண்டான். "நான் எவ்வளவு முன்னால இருக்கேன்னு உனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். என் கைக்கு மட்டும் தெரிய மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் இதோட கலைச்சுடலாம்னுதான் குனியறேன். கலைச்சா ஜேபெஸ் எந்திரிப்பாரு. அவர் எந்திரிச்சா ஜனங்க கை தட்டுவாங்க. அதுக்கப்புறம் நான் ஆடணும்ல, அந்தச் சத்தத்துல?"

அவன் கையைப் பார்த்தேன். போர்வைத் துணிக்கு அடியில் அது நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்கால அமர்வுக்குப் போகுமுன் வீட்டில் செலினா கேட்டே விட்டாள். ஆலையிலிருந்து வந்து, சால்வையைக்கூடக் கழற்றாமல் கேட்டாளாம். "நான் தறியில நிக்கறது நீ ஆடறதுக்கு. இப்படித் தட்டிக்கிட்டு நிக்கறதுக்கு இல்ல. தட்டறதுதான் வேலைன்னா என் தறி உன்னவிட நல்லாத் தட்டும்."

"நாளைக்கு மத்தியானம் கலைச்சுடறேன்."

"சத்தியமா?"

"ஆமா, செலினா. லெட்டி போறதுக்குள்ள."

சனிக்கிழமை மத்தியானம் லெட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியைக் காலடியில் வைத்திருந்தாள். அவளைத் தவிர ஒரு இருபது பேர் இருந்தால் அதிகம். ஏமோஸ் வந்தான், அவள் பக்கம் தலையை ஆட்டினான், குனிந்தான். டிக். டிக். நான் ஒவ்வொரு தட்டுக்கும் இதுதான், இதுதான் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை அவன் நிமிர்ந்து கோலுக்குச் சாக்கட்டி தேய்த்தான். மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தான். வந்துவிட்டது என்று ஜேபெஸ்கூட நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். அவன் திரும்பிப் போய் அதே இடத்தில் குனிந்தான்.

லெட்டி எழுந்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அவர் அவள் தொப்பியைச் சரி செய்துவிட்டார். ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள். கதவு மூடிய சத்தம் அந்த மண்டபத்தில் பெரிதாகக் கேட்டது. ஏமோஸ் தலையைத் தூக்கவில்லை.

சாயங்காலம் கோப்பை வழங்குவதைப் பார்க்க மறுபடியும் கூட்டம் வந்துவிட்டது. முடிய அரை மணி நேரம் இருக்கும். திடீரென்று ஏமோஸ் பந்தை ஓங்கி அடித்தான். தொட்டில் சிதறியது. பந்துகள் மூன்றும் மேசை முழுக்க ஓடின. அவன் அடுத்ததை வேண்டுமென்றே தப்பவிட்டான் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. கை தடுமாறியும் இருக்கலாம்.

ஜேபெஸுக்கே தன் முறை வந்தது தெரியவில்லை.

"திரு. டக்வொர்த், நீங்கதான் ஆடணும்" என்றார் வால்ம்ஸ்லி.

அவர் எழுந்தார். அத்தனை நாள் உட்கார்ந்திருந்த முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு நிமிடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைதட்டல் எழுந்தது. முன்வரிசைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். லெட்டி இருந்த இடத்தில் யாரோ ஒரு ஜவுளிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். சிவப்புப் பந்து குழியின் வாயிலேயே நின்றது. ஊதினால் விழும். அவர் குனிந்தார், கண்ணைச் சுருக்கினார், அடித்தார். வெள்ளைப் பந்து சிவப்பைத் தொடாமல் பக்கத்தில் உரசிக்கொண்டு போனது.

யாரோ சிரித்தார்கள். ஒரே ஒரு ஆள்தான். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஜேபெஸ் அந்தத் திசையைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டு, "போதும் வால்ம்ஸ்லி, எனக்கு இது போதும்" என்று கோலை மேசைமேல் படுக்க வைத்தார். போய் ஏமோஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏமோஸ் அவர் முகத்தைப் பார்க்காமல் கை கொடுத்தான்.

கோப்பை செலினா வீட்டு அடுப்புமாடத்தின்மேல் போய் உட்கார்ந்தது. அவள் அதைத் துடைத்ததே இல்லை. அந்த ஆண்டே அந்தத் தொட்டில் அடி ஆட்டத்தில் செல்லாது என்று மேலிடத்தில் அறிவித்துவிட்டார்கள். வாகை சூடியவன் என்று ஏமோஸை ஆடக் கூப்பிட வேண்டிய ஊர்களெல்லாம் கூப்பிடவில்லை. கூப்பிட்ட ஒன்றிரண்டு இடத்திலும் அவன் மேசையருகே வந்ததும் பின்னாலிருந்து தாலாட்டு கிளம்பும். இரண்டு ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். பிறகு தறிக்கே திரும்பினான். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி இருமல் பிடித்துக்கொண்டது.

ஜேபெஸோடு சண்டை என்று ஒன்று நடக்கவேயில்லை. ஒரே ரயிலில் போகும் வேலை இல்லாமல் போனது, அவ்வளவுதான். ஏமோஸ் அவர் தெருப்பக்கம் போவதைத் தவிர்த்தான். "இந்த ஞாயிறு போறேன்" என்பான் செலினாவிடம். அடுத்த ஞாயிறும் அதையே சொல்வான்.

ஒருநாள் காலை என் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஜேபெஸ் பக்கத்து வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு பாலத்திலிருந்து இறங்கி வந்தார். அதற்குள் பார்வை முழுக்கவே போயிருந்தது. எதிரே ஏமோஸ். அவன் அவரைப் பார்த்ததும் நின்றான். வாயைத் திறந்தான். பிறகு சுவரோரமாக ஒதுங்கிச் சாய்ந்துகொண்டான். ஜேபெஸ் அவனைத் தாண்டி, கையெட்டும் தூரத்தில் நடந்து வந்தார். ஏமோஸ் இருமலை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. விடுவிடென்று பாலத்தின்மேல் ஏறிப் போய்விட்டான்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் ஜேபெஸ் கேட்டார்: "வெளிய ஏமோஸ்தான நின்னான்?"

"ஆமா."

"இருமல்ல தெரிஞ்சுது. நெஞ்சு ரொம்பக் கெட்டுப் போச்சு போலிருக்கே."

"ஓடிப் போய்க் கூப்பிடட்டுமா?"

"வேணாம்ப்பா. வரணும்னா வந்திருப்பான்." நான் நுரை தடவத் தொடங்கியதும், "நானாவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். ஏனோ வாய் வரல" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். அடக்கத்துக்கு ஊரே வந்தது. ஏமோஸ் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, கம்பிவேலிக்கு அப்பால் நின்றுவிட்டுப் போனான் என்று சொன்னார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவன் ஹாரோகேட்டுக்குப் போனான். செலினாவிடம்கூடச் சொல்லவில்லை. திரும்பி வந்து என்னிடம்தான் சொன்னான். பெரிய வீட்டின் சமையலறைக் கதவைத் தட்டினானாம். லெட்டி அவனை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே கூப்பிட்டு, தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "திங்கட்கிழமை உங்கப்பா ஆடினாரே, அத நீ பாக்கலியேம்மா. அத உனக்குச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான்.

அவள் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தில் இரண்டையும் ஒரு பீட்ரூட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தான். முதல் அடி இங்கே, அடுத்தது அங்கே என்று நகர்த்தி நகர்த்திக் காட்டினான். ஒன்றுகூட அவனுக்கு மறந்திருக்கவில்லை. லெட்டி கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாளாம். பாதியில், மெதுவாகக் கையை நீட்டிப் பீட்ரூட்டை எடுத்துக்கொண்டாள்.

"திரு. கெர்ஷா, மணியாகுது. மேல சாப்பாடு போகணும்."

"சரிம்மா."

"அப்பா உங்கள ஒருநாளும் திட்டினதில்ல. அதத் தெரிஞ்சுக்க வந்திருந்தீங்கன்னா, தெரிஞ்சுக்கங்க."

"அதுக்கு வரல."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். அவள் வாசல்வரை வந்து, குளிருக்குக் கழுத்துத்துணியை இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவைத்தாள்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு, "திட்டியிருக்கலாம்டா. அந்த மனுஷன் ஒரு தடவை என்னத் திட்டியிருக்கலாம்" என்றான். பிறகு, "இல்ல, நான்தான் போயிருக்கணும்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் ஜேபெஸின் பேச்சை எடுத்ததில்லை. முதல் உலகப் போர் முடிந்த மறுவருஷம் நெஞ்சுச் சளியில் போய்விட்டான். நான்தான் போய்க் கடைசியாக முகம் மழித்துவிட்டேன். செலினா பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல ஆளு" என்றாள். "ஒரு மத்தியானம் விட்டுக் குடுக்கத் தெரியல. வேற ஒரு குறையும் சொல்ல முடியாது."

நான் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் விளக்கை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து, தாடைக்குக் கீழே விட்டுப்போன இடத்தைக் காட்டினாள்.